யார் சொன்னது?

அவரிடமிருந்து ஒரு சேதி வாங்கினால், அது பிறந்த வீட்டு விலாசமும் கூடவே வரும். நாளைக்குத் தண்ணீர் வராது என்று நீங்களும் நானும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவோம். அவர் அப்படிச் சொல்ல மாட்டார். "நாளைக்குத் தண்ணி வராதுன்னு வால்வு திறந்து விடுறவரு சொன்னாரு. அவருக்கு டேங்க் ஆபீஸ்ல சொன்னாங்களாம். நான் நேர்ல விசாரிக்கல" என்பார். வீட்டில் ரசம் நன்றாக இருந்தால் மனைவியைப் பாராட்டுவார். ஆனால் முழுப் பாராட்டும் அந்த அம்மாளுக்குக் கிடைக்காது. "பூண்டைத் தோலோட தட்டிப் போடுறது உங்க பெரியம்மா பழக்கம். மிளகைத் தூக்கலா போட்டது உன் சொந்த யோசனை" என்று அங்கேயும் பங்கு பிரித்து வைப்பார். ஒரு ஜோக் சொன்னால்கூட நாம் சிரித்து முடிக்கும் முன்பே, "இது என்னுது இல்லீங்க, எங்க ஆபீஸ் கிளார்க் சொன்னது" என்று இடையில் புகுந்துவிடுவார். சிரிப்பைத் தொடர்வதா, கிளார்க்கை விசாரிப்பதா என்று தெரியாமல் நாம் விழிக்க வேண்டியதுதான்.

கரிம வேதியியலில் ஆராய்ச்சி செய்பவர். புதுச்சேரிக்கு வெளியே ஒரு கல்லூரியில் ரீடராக இருந்தார். பேராசிரியர் பதவிக்கு ஒரு படி கீழே. அந்த ஒரு படியில் அவர் வெகுகாலம் உட்கார்ந்திருந்தார். குடியிருந்தது ஊருக்குள்ளே சாரம் என்ற பகுதியில், என் கடைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடி வீடு.

என் கடை என்றால் பிரவுசிங் சென்டர். அதற்கு முன் அதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். செல்போன் வந்து பூத்தைக் காலி செய்ததும், ஊரில் எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். பழைய கண்ணாடிக் கூண்டைப் பெயர்த்துவிட்டு, பிளைவுட் தடுப்பு அடித்து, கேபின் கேபினாகப் பிரித்து, கம்ப்யூட்டர் போட்டேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அது நல்ல தொழில். பாரிசில் பிள்ளைகள் இருக்கும் தாய்மார்கள் வெப்கேமில் பேச வருவார்கள். ரிசல்ட் வரும் நாளில் பத்தாம் வகுப்புக் கூட்டம் வாசல்வரை நிற்கும். வேலைக்கு பயோடேட்டா அனுப்புகிறவர்கள் உண்டு. அப்புறம், சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் இவர்.

இவர் உள்ளே வருவதற்கு முன் வாசம் வந்துவிடும். சில வாரம் பழுத்த வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்த மாதிரி இருக்கும். சில வாரம் மீன் மார்க்கெட்டின் கடைசிக் கூடை மாதிரி இருக்கும். அன்றன்றைக்கு லேபில் எதைக் காய்ச்சினாரோ அது. சட்டைக் கையில் சின்னச் சின்ன ஓட்டைகள். எல்லாம் ஆசிட் சொட்டியது. வாழைப்பழ வாரங்களில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மீன் வாரங்களில் வெப்கேம் அம்மாக்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பிள்ளைகளிடம் பேசுவார்கள். பாரிசில் இருக்கும் பிள்ளை, "ஏம்மா அழுவுற?" என்று பதறுவான்.

முதலில் எனக்கு இவர்மேல் சந்தேகம்தான். என் தொழிலில் சனிக்கிழமை சாயங்காலம் தனியாக வந்து, மூலை கேபின் கேட்டு, திரையை நெருங்கி உட்கார்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொள்ளும் ஆண்கள் எதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் மின்விசிறி வேகத்தைக் குறைக்கப் போகிறவன் மாதிரி போய்ப் பின்னால் நின்றேன். திரை முழுக்க இங்கிலீஷ். நடுவில் அறுகோணம் அறுகோணமாகப் படங்கள்.

"இன்னா சார், தேன்கூடு மாதிரி இருக்கு?" என்றேன்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நான் எழுதின கட்டுரைய யாராச்சும் அவங்க கட்டுரையில எடுத்துச் சொல்லியிருக்காங்களான்னு பாக்குறேன் முதலாளி. இதுக்குன்னே இப்ப இலவசமா ஒரு வெப்சைட் வந்திருக்கு. பேரைப் போட்டா, யார் யார் நம்மளச் சொல்லியிருக்காங்கன்னு காட்டுது."

"சொன்னா இன்னா கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. சொன்னாங்கன்னு தெரியும்."

எனக்கு உடனே புரிந்தது. "கல்யாணப் பத்திரிகையில பேர் போடுற மாதிரி. பேர் போட்டா சாப்பாடு கூட ஒரு கரண்டி வரப் போறதில்ல. ஆனா போடலைன்னா சண்டை."

அவர் நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமாக இதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது என்று தவித்துக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் இந்தப் பத்திரிகைக் கதையைச் சொல்லி, "இது சாரத்துல பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கிற முதலாளி சொன்னது" என்று முடிப்பார் என்பதை, அவரிடம் படித்த ஒரு பெண் பயோடேட்டா அனுப்ப வந்தபோது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் என்னை ஏதோ பெரிய மனிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அன்று பிரிண்ட் அவுட்டுக்கு நான் காசு வாங்கவில்லை.

அந்தத் தேடலில் ஒரு வேடிக்கை கண்டுபிடித்தேன். மற்றவர்கள் கட்டுரைகளில் பார்த்தால், அவர்களே அவர்களைத்தான் அதிகம் சொல்லியிருந்தார்கள். 'இதை நான் முன்பே சொன்னேன், அதையும் நான் முன்பே சொன்னேன்' என்று. இவர் கட்டுரைகளில் ஊரில் உள்ளவர் பெயரெல்லாம் இருக்கும், இவர் பெயர் இருக்காது. ஏன் சார் என்றேன்.

"நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நாமே மொய் எழுதிக்கிறதா?" என்றார். அதைச் சொல்லிவிட்டு, "இது நானே சொன்னது" என்று சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்.

பத்திரிகை என்றதும் நினைவுக்கு வருகிறது. அவர் மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். படித்த மனிதர், பிழை இல்லாமல் பார்ப்பார் என்று பத்திரிகை அடிக்கும் வேலையை இவரிடம் விட்டுவிட்டார்கள். இவர் பிழை பார்த்ததோடு நிற்கவில்லை. இந்த மாப்பிள்ளை யார் சொல்லி வந்த மாப்பிள்ளை என்று விசாரித்துக்கொண்டே போயிருக்கிறார். தரகர் சொன்னார், தரகருக்கு ஒரு மளிகைக் கடைக்காரர் சொன்னார், மளிகைக் கடைக்காரருக்கு இன்னார் வீட்டில் பையன் இருக்கிறான் என்று சொன்னது, இவர் மனைவியின் தாய்மாமன். அரியாங்குப்பத்துக்காரர். அந்த மாமனோடு ஒரு மனைத் தகராறில் குடும்பமே பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. இவர் யாரையும் கேட்கவில்லை. பத்திரிகையில் 'தங்கள் வரவை விரும்பும்' என்ற வரிசையில் முதல் பெயராக அந்த மாமன் பெயரைப் போட்டு அடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் மனைவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. "அவர் இல்லைன்னா மாப்பிள்ளையே இல்ல. அதைச் சொல்றதுல இன்னா தப்பு?" என்று என்னிடம் வந்து புலம்பினார். ஆனால் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு முதலில் வந்து இறங்கியது அந்த மாமன் குடும்பம்தான். கையில் பத்திரிகையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார் மனுஷன். சாப்பாட்டுப் பந்தியில் அவர்தான் பரிமாறினார். நானும் அந்தப் பந்தியில் இருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பருப்பில் காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எல்லா நேரமும் இப்படி நல்லபடியாக முடியாது. எதிர்வீட்டுப் பையன் காலேஜுக்குப் போகாமல் பீச்சில் சுற்றுகிறான் என்று ஒருமுறை இவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று மாலையே அந்தப் பையனின் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார். "எம் பையன பீச்சுல பாத்ததா நீங்க சொன்னீங்கன்னு சார் சொல்றாரு. நீங்க எத்தினி மணிக்குக் கடைய விட்டுட்டு பீச்சுக்குப் போனீங்க?" என்று கேட்டார். என் மனைவியும் அதே கேள்வியைப் பின்னால் நின்று கேட்டாள். எனக்கு இரண்டு பக்கமும் அடி.

அதன் பிறகு தெருவில் எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். அவரிடம் ஏதாவது சொல்ல வந்தால், "சார், என் பேரச் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பிப்பார்கள்.

"அப்ப சொல்லாதீங்க" என்று எழுந்து போய்விடுவார். எங்கள் தெருவில் புறம்பேச்சு பாதியாகக் குறைந்தது. ஒரு தெருவுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குணத்தால் அவருக்கு வந்த பெரிய வினை கல்லூரியில் வந்தது. அவர் துறையிலேயே, அவர் அறைக்கு எதிர் அறையில் ஒரு மேடம் இருந்தார். அவரும் ரீடர், அவரும் கரிம வேதியியல். நல்ல கெட்டிக்காரி, வாயும் அதற்குத் தக்கபடி. ஒருநாள் கேன்டீனில், "நம்ம எச்.ஓ.டி. மீட்டிங் போடுறதே சமோசாவுக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மீட்டிங்கில் துறைத்தலைவர், "நான் ஒரு மீட்டிங் கூடத் தவறவிட்டதில்ல. நீங்க எல்லாம் ஏன் வர்றதில்ல?" என்று கண்டித்திருக்கிறார். இவர் எழுந்து, "நீங்க சமோசாவுக்காக வர்றீங்கன்னு மேடம் சொன்னாங்க சார்" என்று விளக்கம் கொடுத்துவிட்டார்.

"மேடம் பேர ஏன் சார் இழுத்தீங்க?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நல்ல ஜோக்குங்க அது. அவங்க பேரச் சொல்லாம சொன்னா நான் திருடுன மாதிரி ஆயிடாதா?"

அன்றோடு மேடம் இவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். "உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்றதும் மைக் வெச்சுப் பேசுறதும் ஒண்ணு. இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே வருஷக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. எதிரெதிர் அறை. கதவு திறந்தால் முகம் தெரியும். இவர் தினமும் வணக்கம் வைப்பார். மேடம் சுவரைப் பார்ப்பார்.

இதில் எனக்கு என்ன சங்கடம் என்றால், மேடமும் சாரத்துக்காரர்தான். அவர் தம்பி பாரிசில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேடம் என் கடைக்குத்தான் வருவார். அந்த அம்மாவுக்குப் பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் படிப்பு. பவுடர் போட்டு, சர்ச்சுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வந்து, கேமரா முன் உட்கார்ந்து, பிரெஞ்சில் சௌக்கியம் கேட்டு, "அலோ! சா வா? சாப்டியா?" என்று போடும் குரல், கம்பியே இல்லாமல் பாரிசுக்குக் கேட்கும். நான் இவருக்கு மூலை கேபினையும் அவர்களுக்கு அதற்கு அடுத்த கேபினையும் கொடுப்பேன். அந்த இரண்டில்தான் கேமராவும் வேகமும் நன்றாக இருக்கும். நடுவே ஒரு பிளைவுட். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருப்பார்கள்.

இப்போது அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். இவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் எடுத்துச் சொன்னது ஒன்று உண்டு. ஏதோ ஒரு மருந்துச் சரக்குக்கு வேண்டிய பொருளைச் செய்யும் முறை. மற்றவர்கள் அதை மணிக்கணக்கில் சூடாக்கிச் செய்தார்கள். இவர், சூடே வேண்டாம், கலந்து அறை வெப்பநிலையில் விட்டுவைத்தால் ஒரு நாளில் தானே ஆகிவிடும் என்று கண்டுபிடித்திருந்தார். அடுப்பு பற்ற வைக்காத சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கட்டுரையைச் சொன்னவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. ஏறிய நாளில் எனக்கு டீ வாங்கித் தருவார். ஏறாத நாளில் நான் வாங்கித் தர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் ஒரு பேராசிரியர் இடம் காலியானது. ஒரே ஒரு இடம். இவரும் மனு போட்டார், எதிர் அறை மேடமும் போட்டார். இருவருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. இந்த முறை தேர்வுக் குழுவில் எத்தனை கட்டுரை எழுதினாய் என்று மட்டும் பார்க்க மாட்டார்கள், அதை எத்தனை பேர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் பார்ப்பார்கள் என்று பேச்சு. ("எங்க கிளார்க் சொன்னது, உறுதி இல்ல" என்றார் இவர்.) அந்த ஒரு கட்டுரையின் பலத்தில் இவருக்குத்தான் கிடைக்கும் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை திரையைப் பார்த்ததும் துள்ளினார். "முதலாளி! ஒண்ணு ஏறியிருக்கு. பெரிய ஊர்க்காரங்க, பெரிய லேப்!" நான் டீ சொல்லப் போனேன். டீயோடு திரும்பி வந்தபோது ஆள் முகத்தில் ரத்தமே இல்லை.

அந்தப் பெரிய லேப்காரர்கள் இவரைச் சொல்லித்தான் இருந்தார்கள். 'இன்னார் எழுதிய முறைப்படி செய்து பார்த்தோம். பல தடவை செய்தோம். பொருள் கிடைக்கவே இல்லை' என்று.

"திட்டினாலும் கணக்குல ஏறுதே சார்" என்றேன் ஆறுதலாக.

"ஏறுது. பொய் சொன்னவன்னு ஏறுது."

அடுத்த நாள் ஞாயிறு என்றும் பார்க்காமல் லேபில் போய்த் திரும்பச் செய்து பார்த்தார். அழகாக வந்தது. அந்த வாரமே மறுபடி செய்தார். மறுபடியும் வந்தது. சரக்கு மாற்றிச் செய்தார், குடுவை மாற்றிச் செய்தார், மாணவியை விட்டுச் செய்யச் சொன்னார். எப்படிச் செய்தாலும் இங்கே வருகிறது, அங்கே வரவில்லை. அங்கிருந்து ஒரு மின்னஞ்சலும் வந்தது. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள், நீங்கள் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா என்று. எல்லாவற்றுக்கும் மூலம் சொல்லுகிற மனுஷனைப் பார்த்து, எதையோ மறைத்துவிட்டாய் என்று கேட்டால் எப்படி இருக்கும்? அவர் சாப்பிடுவதில்லை என்று அவர் மனைவி சொன்னார். நேர்முகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மேடத்துக்கும்தான்.

மே மாதம். மின்விசிறி அனல் காற்றைத்தான் வீசும். மூலை கேபினில் இவர் அந்த மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்கென்னவோ புரியப்போவது மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இதைப் போட்டோம், சரி. அதைப் போட்டோம், சரி. அறை வெப்பநிலையில ஒரு நாள் வெச்சோம், சரி. இன்னும் இன்னாங்க பாக்கி இருக்கு?"

அடுத்த கேபினில் மேடத்தின் அம்மா பாரிசோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கே மருமகள் ஏதோ முறையிட்டாள் போல. "மாவு பொங்கலியா? எப்பிடிப் பொங்கும்? உங்க ஊட்டுக்குள்ளயே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கிறீங்க! நைட்டு அரைச்சு வெச்சா காலையில பொங்குறதுக்கு அது இன்னா புதுச்சேரியா?" என்று கத்தினார்.

பிளைவுட்டின் அந்தப் பக்கம் திடீரென்று நாற்காலி நகரும் சத்தம். மேடம் வெளியே வந்து என்னைக் கையாட்டி அழைத்தார்.

"அண்ணே, பக்கத்து கேபின்ல இருக்கிறவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. அறை வெப்பநிலைன்னு எழுதினாரே, அது எந்த ஊர் அறைன்னு எழுதினாரா? அவர் லேபுக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாசம் முப்பத்தாறுக்குக் குறையாது. அவங்க ஊர் அறையில இருபது இருந்தாலே அதிகம். சூடு வேணாம்னு எழுதிட்டாரு, சூட்டுக்குள்ளதான ஒக்காந்து எழுதினாரு!" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார்.

நான் இரண்டடி நடந்து மூலை கேபினுக்குப் போனேன். எனக்கே அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அரைகுறையாகப் புரிந்துவிட்டது. மேடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

அவர் அசையாமல் கேட்டார். கண் மெல்ல விரிந்தது. பிறகு, நான் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"யார் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க சார். விடுங்க."

"யாரோ சொன்னதெல்லாம் எனக்கு வேணாங்க."

"சார், உங்க உத்தியோகமே இதுல இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க. ஊர் பேர் தெரியாதவங்க சொன்னதா வெச்சுக்குங்க."

"வெச்சுக்க முடியாது. சொன்னவங்க பேர் இல்லாம இத நான் எங்கயும் எழுத முடியாது. எழுதாம இருந்தா இருந்துட்டுப் போறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேடம் அரையடி தள்ளி பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தானாகச் சொல்லாத பெயரை இவர் எடுத்துக்கொள்ள மாட்டார். அது சமோசாவில் கற்றுக்கொண்ட பாடம்.

மேடத்தின் அம்மாகூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே கோபம். ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார், ஒருத்தர் கையை நீட்ட மாட்டார், நடுவில் நான் ஒரு பிளைவுட் பலகை.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து பலகையைப் பட்டென்று தட்டிக்கொண்டு குரல் வந்தது. "நான்தான் சொன்னேன்! எழுதிக்குங்க!"

இவர் எழுந்து நின்று, பிளைவுட்டைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டது மேடத்துக்குத் தெரிந்திருக்காது. அதனால் நான் போய்ச் சொன்னேன்.

திங்கட்கிழமையே கல்லூரியில் சோதித்தார்கள். ஐஸ் கட்டி போட்ட தண்ணீரும் வெந்நீரும் கலந்து கலந்து இருபதிலேயே நிறுத்தி வைத்துப் பார்த்தால், மறுநாளும் போட்டது போட்டபடி கிடந்தது. அதையே முப்பத்தாறில் வைத்தால் அழகாக ஆனது. இவர் தாமதிக்கவில்லை. கட்டுரை வெளிவந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினார். 'அறை வெப்பநிலை என்று நான் எழுதியது புதுச்சேரியின் கோடைக்கால அறை. அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. இதைக் கண்டு சொன்னவர் இன்னார்' என்று மேடத்தின் பெயரை முழுதாகப் போட்டு, என் கடையிலிருந்தே அனுப்பினார். பெரிய லேபுக்கும் அதே வரிகளை அனுப்பினார்.

"சார், இன்டர்வியூ முடியட்டும், அப்புறம் அனுப்புங்களேன்" என்று மவுசைப் பிடித்தேன். நிஜமாகவே பிடித்தேன்.

"அதுவரைக்கும் அந்த ஊர்ல ஒரு பொண்ணு கோட்டு மாட்டிக்கிட்டு, வராத சரக்குக்குக் காத்துக்கிட்டே இருக்குமேங்க" என்று என் கையை மெதுவாக எடுத்துவிட்டு அனுப்பினார்.

நேர்முகத் தேர்வில் அவரிடம் கேட்டார்களாம், உங்கள் முக்கியமான கட்டுரையில் இப்படி ஒரு பிழை இருந்ததாமே, அதைக் கண்டுபிடித்தது யார் என்று. "வெளியில பெஞ்சுல ஒக்காந்திருக்காங்க. அடுத்து அவங்கதான் வருவாங்க" என்றிருக்கிறார்.

மேடத்துக்குத்தான் பேராசிரியர் பதவி கிடைத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த சனிக்கிழமை கடையைத் திறக்கவே பிடிக்கவில்லை. இவர் வழக்கம்போல் வந்தார், மீன் வாசத்தோடு. அன்றைக்கு ஏறாத நாள். அப்படியும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். வருத்தம் இல்லையா சார் என்று கேட்டேன். "இருக்கு" என்றார். "நெறயவே இருக்கு. அதுக்கு மூலம் நான்தான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தால் வருகிறது.

கொஞ்ச நேரத்தில் மேடம் அம்மாவோடு வந்தார். கையில் ஒரு பெரிய பார்சல். பிரித்தால் சமோசா. கடையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக மூலை கேபினுக்குப் போய், வருஷக்கணக்கில் பார்க்காத முகத்தை நேராகப் பார்த்து, "பாராட்டு விழாவுல பேசச் சொன்னாங்க சார். இந்தப் பதவி எனக்கு எப்படி வந்துச்சுன்னு உங்க பேரச் சொல்லித்தான் பேசினேன். எச்.ஓ.டி. முன்னாடியே சொன்னேன்" என்றார். இவர் சமோசாவை ஒரு கடி கடித்து மென்றார். பிறகு, "நல்லா இருக்கு. எந்தக் கடை?" என்றார்.

திருத்தம் அச்சில் வர மாதங்கள் ஆயின. வந்த அன்று இருவருமே வந்து பிரிண்ட் எடுத்தார்கள். எனக்கு ஒரு பிரதி கொடுத்து, கடைசி வரியைப் படிக்கச் சொன்னார் இவர். நன்றி என்று போட்டு, 'இரண்டு கேபின்களுக்கு இடையே சேதி கொண்டுவந்த, சாரம் பிரவுசிங் சென்டர் உரிமையாளர்' என்று எழுதி, என் பெயர், இனிஷியலோடு. என் கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, கரண்டு பில் தவிர அச்சில் என் பெயரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதெல்லாம் எதுக்கு சார்?" என்றேன். அன்று மாலையே லாமினேட் பண்ணி, கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

சில வருஷம் கழித்து அவரும் பேராசிரியரானார். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு அவர் முறை எல்லா ஊர் லேபிலும் வேலை செய்தது. சொன்னவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஓய்வுபெற்று மகளோடு இருக்க வெளியூர் போய்விட்டார். பிரவுசிங் சென்டரும் போய்விட்டது. அதே இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறேன். பிளைவுட்டெல்லாம் கழற்றியாகிவிட்டது. லாமினேட் பண்ணியது மட்டும் அதே ஆணியில் தொங்குகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் ஆள் இல்லாதபோது, செல்போனில் அந்தத் திருத்தத்தின் தலைப்பைப் போட்டுத் தேடுவேன். அவரை அத்தனை கிண்டல் செய்த நான்தான். பெரும்பாலும் பழைய எண்ணிக்கையே இருக்கும். போன வாரம் ஒன்று ஏறியிருந்தது. யாரோ, எந்த ஊரோ, எங்கள் மூன்று பேர் சம்பந்தப்பட்ட அந்த ஒரு பக்கத்தை எடுத்துச் சொல்லியிருந்தார்கள். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"சார், நம்மளச் சொல்லியிருக்காங்க சார்!"

அவருக்கு வயதாகிவிட்டது, கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பழைய குரல், அதே அவசரத்தோடு வந்தது.

"யார் சொன்னது?"